சிறு பிள்ளைகளுடன் மூன்கேக் பண்டிகை: தேதி பார்ப்பது முதல் பேட்டரியைக் கழற்றுவது வரை

சிங்கப்பூரில் பாலர் பள்ளியில் வேலை பார்க்கிறேன். சீனர்களின் எட்டாம் மாதத்தில் மூன்கேக் பண்டிகை எனும் நிலாப் பண்டிகை வந்தால் பள்ளியிலும், எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி வீட்டு) புளோக்கின் கீழ்த்தளத்திலும் பிள்ளைகளோடு விளக்கு ஏந்துவது வழக்கம். இங்கே புதிதாகக் குடிவந்த தமிழ்ப் பெற்றோர் பலர் ஆர்வத்தோடு கலந்துகொள்கிறார்கள். விளக்கு, மூன்கேக் எனும் பூரணம் வைத்த கேக், பழம் எல்லாம் வாங்கிவிடுவார்கள். சறுக்குவது வரிசையில்தான். சாயங்காலம் ஐந்து மணிக்கே விளக்கைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள், இருட்டுவதற்குள் அது கிழிந்துவிடுகிறது. பசியோடு இருக்கும் பிள்ளைக்கு முதலில் இனிப்பு போகிறது. நிலாவோ எதிர் புளோக்குக்குப் பின்னால் இருக்கிறது. ஏழரை மணிக்குள் அழுகை தொடங்கிவிடுகிறது.

மூன்று முதல் ஏழு வயதுவரை உள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்து, எதை எதற்கு முன் செய்வது என்று எழுதியிருக்கிறேன். மலேசியாவில் இருப்பவர்களுக்கும் பெரும்பாலும் இதே முறை பொருந்தும்.

1. தேதியையும் நிலா தெரியும் இடத்தையும் பாருங்கள்

பண்டிகை சீன நாட்காட்டியின் எட்டாம் மாதம் பதினைந்தாம் நாள். 2026-இல் செப்டம்பர் 25, வெள்ளிக்கிழமை. 2027-இல் செப்டம்பர் 15, புதன்கிழமை. 2028-இல் அக்டோபர் 3, செவ்வாய்க்கிழமை. சீனாவில் இது பொது விடுமுறை. சிங்கப்பூரில் விடுமுறை இல்லை. வேலை முடிந்து வந்து செய்ய வேண்டிய பண்டிகை என்பதால் முன்னேற்பாடு முக்கியம்.

பதினைந்தாம் நாள் வானில் நிலா முழு வட்டமாக இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. பதினாறாம் நாள் நிலாதான் இன்னும் உருண்டை என்று சீனர்களே சொல்வார்கள். 2026-இல் சனிக்கிழமை நள்ளிரவை ஒட்டித்தான் நிலா நிறைகிறது. வெள்ளிக்கிழமை முடியாதவர்கள் சனிக்கிழமை வைத்துக்கொண்டாலும் குறையில்லை.

முந்தின நாள் மாலை ஏழு மணிக்குக் கீழே இறங்கிக் கிழக்குப் பக்கம் பாருங்கள். மறுநாள் அதே நேரத்தில் நிலா இன்னும் கொஞ்சம் கீழே இருக்கும், ஏனென்றால் ஒவ்வொரு நாளும் அது முக்கால் மணி நேரம் வரை தாமதமாக எழுகிறது. முந்தின நாளே கட்டடத்தின் விளிம்பை ஒட்டித் தெரிந்தால், பண்டிகையன்று அங்கிருந்து தெரியாது. கார் நிறுத்துமிடத்தின் மேல்தளம், விளையாட்டுத் திடல், கால்வாயோரம் என்று வேறு இடம் பார்த்துவையுங்கள். நிலாவைக் காணாமல் முடிகிற நிலாப் பண்டிகைகள் பெரும்பாலும் இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்யாததால் வருபவை.

2. சீன அண்டைவீட்டாரிடம் முதலில் பேசுங்கள்

கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டியது இது. பக்கத்து வீட்டில் ஓர் ஆ மா (சீனப் பாட்டி) இருந்தால், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய், அன்று கீழே எங்களோடு வருகிறீர்களா என்று கேளுங்கள். பேரப்பிள்ளைகள் தொலைவில் இருக்கும் பாட்டி தாத்தாக்கள் பலர் மனமார வருவார்கள். மேசையில் எதை எங்கே வைப்பது என்று அவர் கையால் காட்டுவதை உங்கள் பிள்ளை பார்த்தால், நாம் படம் காட்டிச் சொல்வதைவிட ஆழமாகப் பதியும். இந்தப் பண்டிகைக்குக் குடும்பம் கூடுவதுதான் மையம். அது இல்லாமல் வெறும் தாள் வேலையாகச் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை.

அவர்களோடு சேர்ந்து செய்யும்போது மூன்று விஷயங்களில் கவனம் வேண்டும்.

முதலாவது, ஏழாம் மாதம். எட்டாம் மாதத்துக்கு முந்தையது பசித்த ஆவிகளின் மாதம். அப்போது இருட்டிய பிறகு பிள்ளைகளை வெளியே விடப் பல சீனக் குடும்பங்கள் விரும்புவதில்லை. ஒத்திகைக்கு அழைப்பதானால் எட்டாம் மாதம் பிறந்த பிறகு அழையுங்கள். 2026-இல் அது செப்டம்பர் 11 அன்று பிறக்கிறது.

இரண்டாவது, வெள்ளை விளக்கு. வீட்டில் இருக்கிறது என்று வெள்ளைத் தாளில் விளக்கு செய்துவிடுகிறார்கள். வெள்ளை விளக்கு சீனர்களுக்குத் துக்க வீட்டு அடையாளம். சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு, பச்சை போன்ற நிறங்களில் செய்யுங்கள்.

மூன்றாவது, நிலாவை விரலால் சுட்டுவது. சுட்டினால் நிலா காதை அறுத்துவிடும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் இங்கே நிறைய. ஆ மா திடுக்கிட்டுப் பிள்ளையின் கையைத் தட்டிவிடலாம். உள்ளங்கையை விரித்துக் காட்டப் பழக்குங்கள். இரண்டு மூன்று நாள் சொன்னால் போதும், பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள்.

3. எதை எப்போது வாங்குவது

இரண்டு வாரம் முன்பு: வண்ணத்தாள், முப்பது நாற்பது செண்டிமீட்டர் நீளக் குச்சி, எல்இடி குட்டி விளக்குகள், 50 கிராம் மூன்கேக் அச்சு. அச்சு பேக்கிங் சாமான் கடையில் கிடைக்கும். கடைசி வாரத்தில் போனால் பெரிய அச்சுகள்தான் மிஞ்சியிருக்கும், அதைச் சின்னக் கையால் அழுத்த முடியாது.

ஒரு வாரம் முன்பு: பரிசாகக் கொடுக்கும் மூன்கேக். இதைப் பண்டிகைக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். கடைசி நாளில் விலை குறையும் என்று காத்திருந்து, பண்டிகை முடிந்த பிறகு கொண்டுபோய்க் கொடுப்பது நன்றாக இராது.

முந்தின நாள்: ஈரச்சந்தையில் பம்ளிமாஸ், சின்ன சேப்பங்கிழங்கு, எருமைக் கொம்பு போல வளைந்த கறுப்பு லிங்கோக் காய். பம்ளிமாஸ் ஈப்போவிலிருந்து வருவது பேர்போனது. தூக்கிப் பார்த்து, அளவுக்கு மீறிக் கனமாக இருப்பதை எடுங்கள். சாறு நிறைய இருக்கும்.

மூன்கேக் வாங்கும்போது நம் குடும்பங்கள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பண்டிகை பெரும்பாலும் புரட்டாசியில் வரும், 2026-இலும் அப்படித்தான். தாமரைவிதை மூன்கேக்கின் நடுவே உப்பிட்ட முட்டைக் கரு இருக்கும். பழைய முறையில் செய்பவர்கள் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு. ஐந்து கொட்டை மூன்கேக் என்பதில் பன்றி இறைச்சித் துண்டும் இருக்கலாம். பெட்டியின் படத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் உட்பொருள் பட்டியலைப் படியுங்கள். முஸ்லிம் நண்பர்களும் வருவதானால் ஹலால் முத்திரை உள்ளதையே எல்லாருக்கும் வாங்கிவிடுவது நல்லது. ஒரே மேசையில் இது உனக்கு, அது அவனுக்கு என்று பிரித்தால் சிறு பிள்ளைகளுக்கு விளங்காது.

மிகச் சிறியவர்களுக்கு என் தேர்வு, சின்ன பிளாஸ்டிக் கூடைக்குள் வைத்து விற்கும் பன்றிக்குட்டி வடிவ பிஸ்கட். மூன்கேக்கின் மேல்மாவில் மட்டும் செய்வது, உள்ளே பூரணம் இல்லை. கூடையைத் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பதிலேயே பிள்ளைக்குப் பாதி மகிழ்ச்சி. பெயரில்தான் பன்றி, ஆனாலும் எந்தக் கொழுப்பில் செய்தது என்று கேட்டு வாங்குங்கள்.

4. விளக்கு செய்வது

பண்டிகைக்கு மூன்று நான்கு நாள் முன்பு செய்யுங்கள். அதற்கும் முன்னால் செய்தால் வீட்டிலேயே விளையாடிக் கிழித்துவிடுவார்கள். அன்றே செய்தால் பசை காயாது.

ஏ4 வண்ணத்தாளை நீளவாக்கில் இரண்டாக மடியுங்கள். திறந்த விளிம்பிலிருந்து மூன்று செண்டிமீட்டர் உள்ளே ஒரு கோடு போடுங்கள். மடித்த பக்கத்திலிருந்து அந்தக் கோடு வரை, இரண்டு செண்டிமீட்டருக்கு ஒன்றாக வெட்டுங்கள். விரித்து, உருளையாகச் சுருட்டி, ஓரத்தை ஒட்டினால் நடுவே புடைத்த விளக்கு வரும். உள்ளே மஞ்சள் தாளில் சற்று ஒடுக்கமான இன்னோர் உருளையைச் செருகினால் வெளிச்சம் நேராகக் கண்ணில் அடிக்காது.

பத்துப் பேரில் பாதிப் பேர் தடுமாறும் இடம், வெட்டத் தொடங்கும் பக்கம். திறந்த விளிம்பிலிருந்து வெட்டினால் தாளின் இரண்டு ஓரமும் சீப்புப்போல ஆகிவிடும். மடிப்பின் மேல் வண்ணப் பென்சிலால் புள்ளிகள் வைத்து, புள்ளியில்தான் கத்தரி வாய் வைக்க வேண்டும் என்று சொல்லுங்கள். கோடு எங்கே நிறுத்துவது என்பதற்கு, புள்ளி எங்கே தொடங்குவது என்பதற்கு.

ஓரத்தை ஸ்டேப்பிளர் போட்டு இணைக்காதீர்கள். ஊசிமுனை விரலைக் கீறும். ஒட்டுநாடா போதும். நூல் கட்டும் துளைகளின் மேல் இரண்டு பக்கமும் நாடா ஒட்டிய பிறகு துளையிடுங்கள், இல்லாவிட்டால் முதல் இழுப்பிலேயே தாள் கிழியும்.

நூலின் நீளம் பதினைந்து செண்டிமீட்டரைத் தாண்ட வேண்டாம். மூன்று வயதுப் பிள்ளையின் முழங்கை தரையிலிருந்து ஏறக்குறைய அரை மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். நூல் நீண்டால் விளக்கு தரையில் உரசும், இல்லாவிட்டால் ஆடிப்போய்ப் பக்கத்துப் பிள்ளையின் முகத்தில் மோதும்.

மூன்று வயதுப் பிள்ளைக்கு வெட்டும் வேலை கொடுக்காதீர்கள். வண்ண டிஷ்யூ தாளைக் கிழித்து ஒட்டச் சொல்லுங்கள். நான்கு ஐந்து வயதுக்கு வெட்டுவது. ஆறு ஏழு வயதுக்காரர்களுக்குச் சீனப் புத்தாண்டில் மிஞ்சிய அங் பாவ் (அன்பளிப்புப் பணம் வைக்கும்) உறைகளைக் கொடுத்தால் அவற்றைக் கோத்து அவர்களே பெரிய விளக்கு கட்டுவார்கள்.

இனி, பேட்டரி. இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் எனக்குப் போதவில்லை. எல்இடி குட்டி விளக்குகளின் அடியில் பெரும்பாலும் காசு போன்ற தட்டையான லித்தியம் பேட்டரி இருக்கும். பிள்ளை அதை விழுங்கித் தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைக் கடுமையாக அரித்துவிடும். மூடியில் திருகாணி உள்ளதை மட்டும் வாங்குங்கள். விரலால் நெம்பித் திறக்க முடிவதை வாங்காதீர்கள். திருகாணியை இறுக்கி, மேலே நாடா ஒட்டுங்கள். எத்தனை விளக்கு கொண்டுபோகிறீர்கள் என்று எண்ணி எழுதிவையுங்கள். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும். சிங்கப்பூரில் ஆம்புலன்ஸுக்கு 995.

5. பம்ளிமாஸ் விளக்கு, பம்ளிமாஸ் தொப்பி

நேரம் இருப்பவர்களுக்கு. பண்டிகையன்று காலையில் செய்யுங்கள், தோல் ஓரிரு நாளில் சுருங்கிவிடும்.

பழத்தின் தலைப்பகுதியில் கால்வாசியை வெட்டி எடுத்து, கரண்டிக்காம்பைத் தோலுக்கும் சுளைக்கும் நடுவே விட்டுச் சுற்றிலும் நெகிழ்த்துங்கள். உருண்டையை முழுதாக வெளியே எடுத்தால் தோல் கிண்ணம்போல நிற்கும். கண், வாய், நட்சத்திரம் என்று பெரியவர்கள் கத்தியால் வெட்ட வேண்டும், பிள்ளைகள் பேனாவால் வரைந்து கொடுக்கலாம். வாயோரம் மூன்று துளையிட்டு நூல் கட்டினால் சாயாமல் தொங்கும். இரண்டு துளை என்றால் சாய்ந்துவிடும்.

தொப்பிக்கு, காம்புப் பக்கம் மட்டும் ஒட்டியிருக்கும்படி தோலை நான்கு இதழாகக் கீறி உரியுங்கள். தலையில் கவிழ்த்தால் தொப்பி. முடியெல்லாம் பழ வாசனை அடிக்கும்.

6. கதையை முன்னாலேயே சொல்லிவிடுங்கள்

கீழே கூடியபிறகு கதை சொல்லத் தொடங்கினால் யாரும் கேட்க மாட்டார்கள். முந்தின இரண்டு மூன்று இரவுகளில், படுக்கப்போகும்போது சொல்லுங்கள். அன்று நிலாவைப் பார்க்கும்போது பிள்ளை தானாகவே தேடும்.

மூன்று நான்கு வயதுக்கு முயல் போதும். நிலாவில் ஒரு முயல் உரலில் மருந்து இடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். நிலாவில் பாட்டி வடை சுடுகிறாள் என்று ஏற்கெனவே கேட்டிருக்கும் பிள்ளை, பாட்டியா முயலா என்று கேட்கும். இரண்டையும் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். நிலாவின் கறையில் முயலைக் காண்பது நம்மிடமும் உள்ள வழக்கம்தான்.

ஐந்து வயதுக்கு மேல், வானத்தில் பத்துச் சூரியன்கள் எரிந்ததும், ஹோ யி என்ற வில்வீரன் ஒன்பதை அம்பெய்து வீழ்த்தியதும், அவன் மனைவி சாங் இ அமிர்தத்தைக் குடித்து நிலாவுக்கு மிதந்து போனதும் சொல்லலாம். அவள் குடித்த பகுதியை மெதுவாகக் கடந்துவிடுங்கள். புட்டியில் இருந்த மருந்தைக் குடித்ததால் பறந்தாள் என்று நீட்டி நடித்துக் காட்டினால், அதை மருந்துப் பெட்டியில் சோதிக்க நினைக்கும் வயது இது.

ஏழு வயதுக்காரருக்கு இன்னொன்று உண்டு. 2013 டிசம்பரில் நிலாவில் இறங்கிய சீன விண்கலத்தின் பெயர் சாங் இ 3. அதிலிருந்து இறங்கி ஓடிய வண்டியின் பெயர் யூத்து, பச்சைமணி முயல். 2019 ஜனவரியில் சாங் இ 4, நிலாவின் மறுபக்கத்தில் இன்னொரு முயலை இறக்கியது. கதையில் வந்த முயல் இப்போது உண்மையிலேயே அங்கே இருக்கிறது என்று கேட்ட பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

7. ஸ்னோஸ்கின் மூன்கேக்: பிள்ளைகள் அழுத்தும் கேக்

ஓவனில் சுடும் மூன்கேக்கைச் சிறு பிள்ளைகளோடு முயல வேண்டாம். அதன் மாவில் சேர்க்கும் காரநீர் கையைப் புண்ணாக்கக்கூடியது. மேலும், சுட்ட பிறகு தோல் மென்மையாவதற்கு இரண்டு மூன்று நாள் காத்திருக்க வேண்டும். அடுப்பில் ஆவி கட்டிச் செய்யும் ஸ்னோஸ்கின் வகையே பிள்ளைகளுக்கு ஏற்றது. கொழுக்கட்டை பிடித்துப் பழகிய கைக்கு இது வெகு எளிது. 2026-இல் விநாயகர் சதுர்த்தி செப்டம்பர் 14-இல்தான் வருகிறது, கைப்பழக்கம் மறந்திருக்காது.

பெரியவர்கள் தனியாகச் செய்ய வேண்டியது, முந்தின நாள் இரவு:

பூரணத்துக்கு 150 கிராம் பாசிப்பருப்பை மூன்று மணி நேரம் ஊறவைத்து, குழைய வேகவைத்து, நீரை வடித்து மசியுங்கள். 75 கிராம் சர்க்கரை, 40 கிராம் வெண்ணெய் சேர்த்து, வாணலியில் ஒட்டாமல் உருண்டு வரும்வரை சிறு தீயில் கிளறுங்கள். இங்கே அவசரப்பட்டால் எல்லாம் வீண். ஈரம் மிஞ்சிய பூரணம் அச்சிலிருந்து எடுத்ததும் தோலைப் பிளந்துகொண்டு வரும். ஒரு சிட்டிகையை உருட்டி ஐந்து நிமிடம் வைத்துப் பாருங்கள். வடிவம் குலையாமல் நின்றால் இறக்கலாம். ஆறியதும் 25 கிராம் உருண்டைகளாகப் பிடித்துக் குளிர்பெட்டியில் வையுங்கள்.

தோலுக்கு 50 கிராம் பசையரிசி மாவு, 40 கிராம் பச்சரிசி மாவு, 20 கிராம் சோள மாவு, 40 கிராம் பொடித்த சர்க்கரை, 200 மில்லி பால், 25 மில்லி மணமில்லாத எண்ணெய். கட்டியில்லாமல் கரைத்து, வடிகட்டி, அரை மணி நேரம் வைத்துவிடுங்கள். மாவு பாலை உறிஞ்சினால்தான் ஒரே பதமாக வேகும். தட்டையான பாத்திரத்தில் ஊற்றி 20 முதல் 25 நிமிடம் ஆவியில் வேகவையுங்கள். நடுவே குத்திப் பார்த்தால் வெள்ளைப் பால் தெரியக்கூடாது. மேலே எண்ணெய் பிரிந்து நிற்பதைப் பார்த்துப் பதறாதீர்கள், அதை வடிக்கவும் கூடாது. சூட்டோடு கரண்டியால் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் பிசைந்தால் எண்ணெய் முழுதும் உள்ளே போய் மாவு பளபளக்கும். மூடி, குளிர்பெட்டியில் இரண்டு மணி நேரம்.

கடைசியாக, மூன்று கரண்டி பசையரிசி மாவை வெறும் வாணலியில் இளமஞ்சள் வரும்வரை வறுத்துவையுங்கள். மேலே தூவ இதுதான். பச்சை மாவைத் தூவக்கூடாது, வேகாத மாவைச் சாப்பிட்டால் வயிற்றுக்கு ஆகாது.

பிள்ளைகளோடு, பண்டிகையன்று பிற்பகல்:

தோல் மாவை 25 கிராம் உருண்டைகளாகப் பிரித்து வட்டமாகத் தட்டிக் கொடுங்கள். நடுவே பூரணத்தை வைப்பது பிள்ளையின் வேலை. மூடி உருட்டுவதை நீங்கள் செய்யுங்கள். வறுத்த மாவில் லேசாகப் புரட்டி, அச்சுக்குள் போட்டு, மேசைமேல் நிறுத்தி, பிள்ளையை இரண்டு கையாலும் அழுத்தச் சொல்லுங்கள். ஒன்று முதல் ஐந்து வரை எண்ணிவிட்டுக் கையை எடுத்து, அச்சைத் தூக்கினால் கீழே பூப்போட்ட கேக். எண்ணாமல் எடுத்தால் பூ பதியாது. மாவை அதிகமாகத் தூவினாலும் கோடுகளுக்குள் அடைத்துக்கொண்டு பூ மங்கிவிடும்.

மாவு கையில் ஒட்டத் தொடங்கினால் அது சூடேறிவிட்டது என்று பொருள். மேலும் மாவு போட்டுச் சமாளிக்காமல் பத்து நிமிடம் குளிர்பெட்டியில் வையுங்கள். இந்த அளவில் பன்னிரண்டுக்குக் குறையாமல் வரும். காற்றுப்புகாத டப்பாவில் குளிர்பெட்டியில் வைத்து இரண்டு மூன்று நாளுக்குள் முடியுங்கள்.

8. அன்று மாலை: மணிப்படி

5.45. சாதம், குழம்பு என்று வழக்கமான இரவுச் சாப்பாடு. இதைத் தவறவிடாதீர்கள். வயிறு நிறைந்த பிள்ளைதான் விளக்கைப் பொறுமையாகப் பிடிக்கும்.

6.30. குளியல், பருத்தி உடை, கால்மூடிய செருப்பு, கொசு மருந்து. தரையைத் தொடும் பாவாடை வேண்டாம். அழகாக இருக்கும், ஆனால் இருட்டில் தடுக்கும்.

6.50. கீழே இறங்கி மேசை போடுங்கள். உருண்டையானவை நடுவே: பம்ளிமாஸ், மூன்கேக். சுற்றிலும் தோலோடு வேகவைத்த சேப்பங்கிழங்கு, வேகவைத்த லிங்கோக் காய், பெரியவர்களுக்குச் சீனத் தேநீர், பிள்ளைகளுக்கு வெதுவெதுப்பான நீர். கிழங்கையும் காயையும் நன்றாக வேகவைத்தே கொண்டுவர வேண்டும். அரைவேக்காட்டுச் சேப்பங்கிழங்கு தொண்டையை அரிக்கும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. லிங்கோக்கைக் கடித்து உடைப்பது பெரியவர்களின் வேலை, கொம்பு கூர்மையானது. ஆ மா ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டால் பிள்ளைகளை அமைதியாக நிற்கச் சொல்லுங்கள். சேர்ந்து கும்பிடுவதும் வேண்டாம் என்று இருப்பதும் உங்கள் குடும்பத்தின் விருப்பம்.

7.05. நிலாவைப் பாருங்கள். விளக்கு இன்னும் பையிலேயே இருக்கட்டும். இந்த வரிசைதான் எல்லாவற்றிலும் முக்கியம். விளக்கு கைக்கு வந்தபிறகு எந்தப் பிள்ளையும் மேலே பார்க்காது, கையிலிருக்கும் வெளிச்சம் அதற்குப் போதும். முதலில் உள்ளங்கையை விரித்துக் காட்டி, முயலைத் தேட ஐந்து நிமிடம் கொடுங்கள்.

7.15. விளக்கு. சூரியன் ஏழு மணிக்குச் சற்று முன் மறைகிறது, கால் மணி நேரத்தில் விளக்கின் நிறம் தெரியும் அளவுக்கு இருட்டிவிடும். வயதில் சிறிய பிள்ளைக்கு முதலில் கொடுங்கள். புளோக்கைச் சுற்றி ஒரு சுற்று, பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முன்னால் ஒரு பெரியவர், பின்னால் ஒருவர். ஓடக்கூடாது என்று சொல்வதைவிட, விளக்கிலிருக்கும் முயலை எழுப்பாமல் நடக்கலாம் என்றால் பலன் அதிகம்.

சைனாடவுன் வீதி அலங்காரமும் கரையோரப் பூந்தோட்டங்களின் விளக்குகளும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் அவற்றைப் பண்டிகையன்று வைத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கூட்டத்தில் தள்ளுவண்டியை நகர்த்த முடியாது. அலங்காரம் பல நாள் இருக்கும், வேறொரு வாரநாளில் போய்வாருங்கள்.

7.35. உட்கார்ந்து விடுகதை. விளக்குகளில் விடுகதை எழுதி ஒட்டுவது சீனர்களின் பழைய வழக்கம். நாம் தமிழில் எழுதலாம். தினமும் தேய்வான், சோப்பு இல்லை, தினமும் வளர்வான், தம்பி இல்லை, யார் அவன்? உள்ளே இருப்பது பழம், வெளியே இருப்பது தொப்பி, அது என்ன? விடை சொன்ன பிள்ளைக்குக் கேக்கின் முதல் துண்டு.

7.45. மூன்கேக். அதற்குத் தனியாகச் சொல்ல வேண்டியவை இருக்கின்றன.

9. மூன்கேக்கை வெட்டுவதும் கொடுப்பதும்

கடையில் வாங்கும் பெரிய மூன்கேக் ஒன்றில் 800 முதல் 1,000 கலோரி வரை இருக்கும். ஒரு பிள்ளைக்கு ஒன்று என்று நினைத்து வாங்குபவர்கள் உண்டு. ஒன்றை எட்டாக வெட்டிப் பலர் பகிர்வதே முறை. பகிர்வதற்காகவே அது வட்டமாக இருக்கிறது என்று ஆ மாக்கள் சொல்வார்கள். கத்தியை ஒவ்வொரு வெட்டுக்கும் துடைத்தால் துண்டு பிசிறாமல் வரும்.

ஸ்னோஸ்கின் கேக்கின் பசையரிசித் தோல் இழுபடும், தொண்டையில் ஒட்டும். நான்கு வயதுக்குக் கீழுள்ளவர்களுக்குச் சுண்டுவிரல் நகமளவு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றாகக் கொடுங்கள். மென்று விழுங்கிய பிறகே அடுத்தது. உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். உப்பு முட்டைக் கரு உலர்ந்து உதிரக்கூடியது, அது சின்னவர்களுக்கு வேண்டாம். முழுக் கொட்டையும் தர்பூசணி விதையும் உள்ள வகையை அந்த வயதுக்குத் தவிர்த்துவிடுங்கள். வேறு வீட்டுப் பிள்ளைகள் இருந்தால் கொட்டை, முட்டை, பால் ஒவ்வாமை உண்டா என்று பெற்றோரை முந்தின நாளே கேளுங்கள், பிள்ளையைக் கேட்டுப் பயனில்லை.

சாப்பிடும்போது விளக்குகளை வாங்கித் தனியாக வையுங்கள். எண்ணெய்க் கை பட்ட தாள் கிழியும், குச்சியோடு சாப்பிடுவது கண்ணுக்கு ஆபத்து.

10. மெழுகுவர்த்தி ஏற்றியே தீர வேண்டும் என்றால்

தாள் விளக்குக்குள் மெழுகுவர்த்தி வைப்பது பழைய முறை, அதன் வெளிச்சத்துக்கு ஈடில்லை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆறு வயதுக்குக் கீழே கையில் கொடுக்காதீர்கள். பெரிய பிள்ளைக்குக் கொடுத்தால் ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் பக்கத்தில் நிற்க வேண்டும். நீண்ட தலைமுடியைப் பின்னிவிடுங்கள்.

விளக்கு தீப்பிடித்தால் கீழே போட்டுவிட்டுப் பின்னால் வா என்று முன்கூட்டியே சொல்லிப் பழக்குங்கள். சொல்லித்தராத பிள்ளை அதைக் கையில் பிடித்தபடியே உதறும். எரியும் தாளில் நீர் ஊற்றலாம்.

உருகிக் கொதிக்கும் மெழுகில் மட்டும் ஒருநாளும் நீர் ஊற்றக்கூடாது. நீர் நொடியில் ஆவியாகி, எரியும் மெழுகைத் தீப்பந்தாக மேலே வீசும். ஹாங்காங்கில் மூன்கேக் தகரப்பெட்டியில் மெழுகைக் காய்ச்சி விளையாடி, இப்படித் தீக்காயப்பட்ட பிள்ளைகள் உண்டு. அங்கே பூங்காக்களில் அது தண்டனைக்குரிய குற்றம். மூடியால் மூடி அணைக்க வேண்டும்.

விளையாட்டுத் திடலின் ரப்பர் தரையிலும் கீழ்த்தளத் தரையிலும் மெழுகுவர்த்தி நட்டு வைக்காதீர்கள். மணல் கொட்டிய தட்டில் நடுங்கள். சூடுபட்டால் குழாய்நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, ஐஸ் எதுவும் வேண்டாம்.

11. மழையும் புகைமூட்டமும்

மழை வந்தால் கீழ்த்தளத்திலேயே சுற்றுங்கள், நிலாவை மறுநாள் பார்க்கலாம். தாழ்வாரத்தில் ஒரு மின்விளக்குக்கு அடியில் நிற்காமல் தூண் நிழலான பக்கம் போனால் தாள் விளக்கு எடுபடும். செப்டம்பர், அக்டோபரில் புகைமூட்டம் வருவதும் உண்டு. காற்றுத்தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளிநடை வேண்டாம். வீட்டுக்குள் விளக்கணைத்துவிட்டு அறைக்கு அறை ஊர்வலம் போகலாம், இரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு அதுவே உகந்தது.

12. எட்டே கால் மணிக்கு முடித்துவிடுங்கள்

இன்னும் கொஞ்ச நேரம் என்று பிள்ளைகள் கேட்கும்போதே முடிப்பது நல்லது. களைத்து அழும்வரை இழுத்தால் மறுநாள் நினைவில் அழுகைதான் நிற்கும். மூன்கேக் மிச்சத்தில் ஒரு பங்கை இரண்டு கையாலும் ஆ மாவிடம் நீட்டி, ஜோங் ச்சியூ ஜியே குவாய்லெ (நிலாப் பண்டிகை வாழ்த்துகள்) என்று பிள்ளையையே சொல்ல வையுங்கள்.

வீட்டுக்கு ஏறும் முன், போகும்போது எழுதிவைத்த எண்ணிக்கையோடு எல்இடி விளக்குகளை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று குறைந்தாலும் டார்ச் அடித்துத் தேடி எடுத்த பிறகே மேலே போகவேண்டும். பிள்ளைகள் தூங்கியதும் திருகாணியைக் கழற்றி, பேட்டரிகளை எடுத்து, இரண்டு பக்கமும் நாடா ஒட்டி, எட்டாத உயரத்தில் வையுங்கள். தாள் விளக்குகளைத் தட்டையாக மடித்து உறையில் போட்டால் அடுத்த ஆண்டுக்கு ஆகும். பம்ளிமாஸ் தோலை மட்டும் அன்றிரவே குப்பையில் போட்டுவிடுங்கள், எறும்பு வந்துவிடும்.